லண்டன் ட்ராமா ட்ரிப்: மொதல்ல சீட், அப்புறம் தான் ட்ரெயினும் ரூமும்

லண்டன் போய் ரெண்டு மூணு ஷோ பாத்துட்டு வரலாம்னு இருக்கோம், எந்த ஷோ நல்லாருக்கும்னு தெரிஞ்சவங்க அடிக்கடி கேப்பாங்க. நான் திருப்பி கேக்குறது ரெண்டே விஷயம்: கூட யாரு வர்றாங்க, என்னிக்கு போறீங்க. இது ரெண்டும் தெரிஞ்சா மிச்சமெல்லாம் தானா அமையும். லண்டனோட தியேட்டர் ஏரியாவான வெஸ்ட் எண்ட்ல வருஷக்கணக்கா ஓடிட்டு இருக்குற எதுவும் மட்டமா இருக்கப் போறதில்ல, ஆனா எவ்ளோ பெரிய ஷோவா இருந்தாலும் தூணுக்குப் பின்னாடி உக்காந்தா காசும் போச்சு கழுத்தும் போச்சு.

நாங்க இருக்கிறது பர்மிங்ஹாம்ல. இங்கயே ஹிப்போட்ரோம்னு ஒரு தியேட்டர் இருக்கு, பெரிய மியூசிக்கல் எல்லாம் டூர்ல வரும், வர்றதெல்லாம் நல்லாத்தான் இருக்கும். அப்ப எதுக்கு லண்டன்னா, அங்க ஒரு மைல் சுத்தளவுக்குள்ள முப்பது நாப்பது தியேட்டர் இருக்கு, மத்தியானம் ஒண்ணு பாத்துட்டு அப்படியே பொடிநடையா போய் சாயந்தரம் இன்னொண்ணு பாக்கலாம். இது தவிர ஒரே கட்டடத்துல இருவது வருஷமா ஓடுற ஷோவுக்கு அந்த மேடையவே தோண்டி, கூரையவே மாத்தி செட் போட்டிருப்பாங்க, டூர்ல லாரில ஏத்திட்டு வர்ற செட்டுக்கு அந்த வசதி கிடையாது.

இந்த கோடைக்கு அப்பா அம்மா திருச்சிலேர்ந்து வந்திருந்தாங்க. அப்பாவுக்கு எழுவத தாண்டிருச்சு, முட்டி வலி, படி ஏறணும்னா மூஞ்சி மாறிடும். ஆனா நாடகம்னா உசுரு. தேவர் ஹால்ல ஆர்.எஸ்.மனோகர் நாடகம் போட்டா தாத்தாவுக்குத் தெரியாம செகண்ட் ஷோ மாதிரி ஓடிப் போய் பாத்த ஆளு. அம்மாவுக்கு நாடகம் ஓகே, இங்கிலீஷ் தான் தகராறு, அதுலயும் இங்க இருக்கவங்க பேசுற இங்கிலீஷ் சுத்தமா புரியாது. இவங்க ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போறதுன்னதும் வீட்டுக்காரர் "ஏம்மா, பேசாம மேடம் துசாட்ஸ் காட்டிட்டு வந்துடலாமே"ன்னாரு. அவர் சொன்னதுல நியாயம் இருந்துச்சு, ஆனா எங்கப்பாவ லண்டன் வரைக்கும் வரவச்சுட்டு மெழுகு பொம்மை காட்டி அனுப்புறதா?

நாள் விஷயத்துக்கு வரேன். எல்லாரும் சனி ஞாயிறு தான் யோசிப்பாங்க. சனிக்கிழமை தான் டிக்கெட்டும் ரூமும் வெல ஜாஸ்தி. இங்க பெரும்பாலான ஷோ வாரத்துக்கு எட்டு தடவ நடக்கும், திங்கள்லேர்ந்து சனி வரைக்கும் ராத்திரி ஏழரை மணி வாக்குல, அதோட ரெண்டு மேட்டினி. அந்த ரெண்டுல ஒண்ணு சனிக்கிழமை, இன்னொண்ணு அனேகமா புதனோ வியாழனோ. அதனால லீவ் போட முடிஞ்சா புதன் காலைல கிளம்பி வெள்ளி காலைல திரும்புற மாதிரி வச்சுக்கோங்க. ரெண்டு மத்தியானம், ரெண்டு ராத்திரி, நாலு ஷோவுக்கு வாய்ப்பு கெடைக்குது, வெலயும் சனிக்கிழமைய விட கம்மி. நாலையும் பாக்கணும்னு இல்ல, வயசானவங்கள வச்சிட்டு ஒரு நாளைக்கு ரெண்டு ஷோன்னா ரெண்டாவது ஷோல தூங்கிடுவாங்க (எங்கம்மா மொத ஷோவுலயே லேசா கண்ணசந்தாங்க, அது ஜெட் லாக்னு இன்னிக்கு வரைக்கும் சாதிக்கிறாங்க). ஞாயித்துக்கெழம நெறய தியேட்டர் லீவு, சிலதுல மட்டும் நடக்கும், அத நம்பி பிளான் போடாதீங்க. ஸ்கூல் லீவு வாரம் வந்தா வெல எகிறிடும், ஜனவரி பிப்ரவரில எறங்கும். குழந்தைங்க இருக்கவங்களுக்கு ஆகஸ்ட்ல கிட்ஸ் வீக்னு ஒண்ணு வரும், பேரு தான் வீக், நெசத்துல பல வாரம் ஓடும், பெரியவங்க ஒரு டிக்கெட் வாங்குனா கூட ஒரு பிள்ளைக்கு ஃப்ரீ, ஆனா புக்கிங் ஓபன் ஆகுற அன்னிக்கே உக்காரணும்.

சரி, டிக்கெட். என் கொள்கை என்னன்னா ஒரே ஒரு ஷோவுக்கு தாராளமா செலவு பண்ணணும், மத்ததுக்கு எல்லாம் கஞ்சத்தனம் பண்ணணும். எல்லாத்துக்கும் நடுத்தரமா செலவு பண்ணா எதுலயும் திருப்தி இருக்காது, எல்லாமே கொஞ்சம் தூரமா, கொஞ்சம் மறைவா, கொஞ்சம் கால் இடிக்கிற மாதிரியே இருக்கும். பெரிய மியூசிக்கல்ல உச்சி மாடில இருவது இருவத்தஞ்சு பவுண்டுக்கும் சீட் இருக்கு, கீழ நடுவுல இருநூறு பவுண்டுக்கும் சீட் இருக்கு, விமான டிக்கெட் மாதிரி அதே சீட்டு நாளுக்கு நாள் வெல மாறும். செலவு பண்ற அந்த ஒண்ண ரெண்டு மூணு மாசம் முன்னாடியே, தியேட்டரோட சொந்த சைட்டுல வாங்கிடுங்க. கூகுள்ல ஷோ பேர அடிச்சா மேல வர்றது எல்லாம் விளம்பரம், பாக்க அச்சு அசலா தியேட்டர் சைட் மாதிரியே இருக்கும். என் கூட வேல செய்யிற பொண்ணு அப்படி ஒரு ரீசேல் சைட்ல போய் வாங்கிட்டா, சீட் நம்பரே காட்டாம காச வாங்கிட்டு, கடைசி பக்கத்துல தான் ஃபீஸ சேத்தாங்களாம். தியேட்டர்லயே அன்னிக்கு பாதி வெலைக்கு சீட் கெடந்துச்சு.

கஞ்சத்தனம் பண்ண வழி நெறய இருக்கு. லெஸ்டர் ஸ்கொயர்ல டிகேடிஎஸ்னு ஒரு பூத், லண்டன் தியேட்டர் சங்கமே நடத்துறது, 1980லேர்ந்து இருக்கு. அன்னிக்கு ஷோவுக்கும் அடுத்த ஒண்ணு ரெண்டு நாளுக்கும் தள்ளுபடில டிக்கெட் தருவாங்க, என்ன ஷோ என்ன வெலன்னு அவங்க சைட்லயே போட்டுடுவாங்க, அதனால சும்மா போய் லைன்ல நிக்க வேணாம். பூங்காவுக்குள்ளயே தனியா நிக்கிற கட்டடம் அது. சுத்தி இருக்குற கடைங்களும் 'ஹாஃப் பிரைஸ்', 'அஃபிஷியல்'னு போர்டு மாட்டி வச்சிருக்கும், அதெல்லாம் வேற. அப்புறம் டுடேடிக்ஸ்னு ஒரு ஆப், அதுல பல ஷோவுக்கு காலைல பத்து மணிக்கு ரஷ் டிக்கெட், அதாவது அன்னிக்கு ஷோவுக்கு கம்மி வெல டிக்கெட் விடுவாங்க, தட்கல் புக் பண்ணி பழகுன வெரலுக்கு இது ஒரு மேட்டரே இல்ல. சில ஷோவுக்கு லாட்டரி உண்டு, ஹாமில்டன்ங்கற மியூசிக்கலோட பத்து பவுண்டு லாட்டரி ஃபேமஸ், விழுந்தா முன் வரிசை கூட கெடைக்கலாம், நான் போட்டுட்டே இருக்கேன். நேஷனல் தியேட்டர்ல வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்கு அடுத்த வார ஷோவுக்கு பத்து பவுண்டு டிக்கெட் விடுவாங்க.

இந்த நேஷனல் தியேட்டர் பேர சொன்னதும் அப்பா நிமிந்து உக்காந்தாரு. "ஏம்மா, மனோகர் ட்ரூப் பேருல்ல அது?" நெசம் தான், மனோகரோட கம்பெனி பேரும் நேஷனல் தியேட்டர்ஸ் தான். இது வேறப்பா, கவர்மெண்ட் மானியத்துல நடக்குறது, தேம்ஸ் கரைல காங்கிரீட்டுல கட்டியிருக்காங்கன்னு சொன்னேன். "அவரு மானியம் இல்லாமலே நடத்துனாரு"ன்னுட்டு பேப்பர எடுத்துட்டாரு.

சீட்ட பத்தி தான் நெறய சொல்லணும், ஏன்னா அங்க தான் எல்லாரும் கோட்ட விடுறாங்க. வெஸ்ட் எண்ட் தியேட்டர்ல பாதிக்கு மேல நூறு வருஷத்துக்கு முந்தின கட்டடம். கீழ் தளம் ஸ்டால்ஸ். அதுக்கு மேல ட்ரெஸ் சர்க்கிள், சில எடத்துல ராயல் சர்க்கிள்னு பேரு. அதுக்கும் மேல அப்பர் சர்க்கிள் இல்ல கிராண்ட் சர்க்கிள், சிலதுல அதுக்கும் மேல பால்கனின்னு ஒண்ணு, அங்கேர்ந்து பாத்தா நடிகரோட வகிடு தான் தெரியும். அந்தக் காலத்துல கம்மி காசு குடுத்தவங்க பெரிய மனுஷங்களோட கலந்துடக் கூடாதுன்னு மாடிக்கு தனி வாசல், தனி படிக்கட்டு, அது இன்னமும் அப்படியே இருக்கு, பல எடத்துல லிஃப்ட் கெடையாது. இன்னொரு விஷயம், பல தியேட்டர்ல ஸ்டால்ஸ் தெரு மட்டத்துக்கு கீழ இருக்கும், படி எறங்கித் தான் போகணும், ட்ரெஸ் சர்க்கிள் தான் தெரு மட்டத்துல வரும். அதனால முட்டி வலிக்காரங்களுக்கு ஸ்டால்ஸ் தான் வசதின்னு கண்ண மூடிட்டு வாங்கிடாதீங்க. நடக்க சிரமப்படுறவங்களுக்கு உதவ தியேட்டர்ல அக்சஸ் லைன்னு ஒரு போன் நம்பர் இருக்கும், நான் அதுக்கு போன் பண்ணி எங்கப்பாவுக்கு முட்டி வலி, எந்த சீட்டுக்கு எத்தன படின்னு கேட்டேன். அந்தம்மா ஒவ்வொரு வரிசைக்கும் எத்தன படி, எந்தப் பக்கம் கைப்பிடி இருக்கு, பாத்ரூம் எந்த மட்டத்துலன்னு மனப்பாடமா சொல்றாங்க. சக்கர நாற்காலில வர்றவங்களுக்கும் அவங்க கூட வர்றவங்களுக்கும் தனி வெல, அதுவும் இந்த லைன்ல தான் கேக்கணும்.

ஸ்டால்ஸ்ல பின்னாடி வரிசை வாங்குனா மேல இருக்குற சர்க்கிளோட அடிப்பகுதி தலைக்கு மேல வந்து மேடையோட மேல் பாகத்த வெட்டிடும். சாதாரண நாடகத்துக்கு அது பெருசா தெரியாது, ஆனா ஃபேண்டம் ஆஃப் தி ஓபரா மாதிரி சரவிளக்கு மேல ஏறுறது தான் விசேஷம்னா அங்க உக்காந்து என்ன பிரயோஜனம். ட்ரெஸ் சர்க்கிள்ல மொத ரெண்டு மூணு வரிசை தான் பொதுவா முழு படமும் தெரியிற எடம், சில தியேட்டர்ல மொத வரிசைக்கு முன்னாடி பாதுகாப்புக் கம்பி கண்ணுக்கு நேரா வரும், அது ஒண்ணு பாத்துக்கணும். சீட்பிளான்னு ஒரு சைட்ல உக்காந்தவங்களே போட்டோ எடுத்து போட்டிருப்பாங்க, தியேட்டர்மங்கின்னு இன்னொண்ணு, காசுக்கு ஒர்த்தான சீட்டெல்லாம் பச்ச, ஒதுக்க வேண்டியதெல்லாம் செவப்பு. 'ரெஸ்ட்ரிக்டட் வியூ'ன்னு போட்டிருந்தா பயப்படாம இந்த ரெண்டு சைட்லயும் அந்த நம்பர தேடிப் பாருங்க, சில சமயம் மேடை ஓரத்துல ஒரு சாண் மறையிறதுக்காக பாதி வெலைக்கு விடுவாங்க. உயரமான ஆளா இருந்தா ஓர சீட் தான், கால் நீட்ட வழியே கெடையாது, மாடிக்குப் போகப் போக இன்னும் மோசம், எங்க வீட்டுக்காரர் ஆறடி, மாடில உக்காந்தா முட்டி ரெண்டும் முன்னாடி சீட்டுக்காரர் காதுகிட்ட இருக்கும்.

நாங்க தாராளமா செலவு பண்ணது லயன் கிங்குக்கு, புதன் மேட்டினி. லைசியம் தியேட்டர்ல 1999லேர்ந்து ஓடுது. கத எல்லாருக்கும் தெரிஞ்ச கத, அம்மாவுக்கு இங்கிலீஷ் புரியலன்னாலும் சொந்தத்துக்குள்ளயே ராஜ்யத்த புடுங்குறதெல்லாம் மகாபாரதத்துலயே பாத்தாச்சு. முந்தின நாள் ராத்திரி சாப்பாட்டு நேரத்துல முழு கதையும் தமிழ்ல சொல்லிட்டேன், இது நான் எப்பவும் பண்றது, இங்கிலீஷ் சரளமா வராதவங்கள கூட்டிட்டுப் போனா கதைய முன்னாடியே சொல்லிடுங்க, சஸ்பென்ஸ் போச்சேன்னு கவலப்படாதீங்க. மவுஸ்ட்ராப் மாதிரி யாரு கொலகாரன்ங்கற நாடகத்துக்கு இவங்கள கூட்டிட்டுப் போகாதீங்க, அவ்வளவு தான். அது 1952லேர்ந்து ஓடுது, நடுவுல கொரோனாவுக்கு மட்டும் தான் நின்னுச்சு, முடிவ வெளிய சொல்லாதீங்கன்னு ஷோ முடிஞ்சதும் அவங்களே கேட்டுக்குவாங்க, முழுக்க முழுக்க பேச்சு.

ஸ்டால்ஸ்ல நடைபாதைய ஒட்டின சீட்டு தான் வாங்கினேன். மொத பாட்டுல மிருகங்க மேடைக்குப் பின்னாடிலேர்ந்து மட்டும் வராது, ஜனங்களுக்கு நடுவுல நடைபாதை வழியாவும் வரும். இருட்டுல ஒரு குரல் எழும்புச்சு, மேடைல சூரியன் ஏறுது, ஒட்டகச்சிவிங்கி ரெண்டு நடந்து வருது, உள்ள இருக்கவங்க கைலயும் கால்லயும் கட்டை கட்டிட்டு நாலு கால்ல நடக்குறாங்க. எல்லாரும் மேடையப் பாத்துட்டு இருக்கறப்ப அப்பா தோளுக்குப் பக்கத்துல ஏதோ உரசுது, திரும்புனா யானை. ஒவ்வொரு காலுக்கும் ஒரு ஆளு, நாலு பேரு உள்ள. துணிய மூங்கில் மாதிரி எதுலயோ போத்தி செஞ்சிருக்காங்க, நடக்கும்போது கிரீச் கிரீச்னு லேசா சத்தம், உள்ள இருக்கவன் மூச்சு வாங்குறதே கேக்குது. அப்பா கைய மடில வச்சுட்டு அசையாம உக்காந்திருந்தாரு. அம்மா என் காதுல "கும்புட்டுக்கவா"ன்னாங்க, சீரியஸா தான் கேட்டாங்க.

இன்டர்வெல்ல அப்பா சொன்னது தான் எனக்கு பெருசா பட்டுச்சு. "மனோகர் நாடகத்துல தந்திரக் காட்சி வந்தா எப்படி பண்றான்னு யாருக்கும் தெரியக் கூடாது, அதுல தான் அவரு பேரே. இவன் ஆளு மூஞ்சிய மறைக்கவே இல்ல பாரு, தலைல முகமூடிய தூக்கி வச்சிருக்கான், கீழ மனுசன் மூஞ்சி அப்படியே தெரியுது, தெரியணும்னே வச்சிருக்கான். ஆனாலும் நமக்கு சிங்கம்னு தான தோணுது?" நான் இதே ஷோவ முன்னாடி பாத்தப்ப கலரு, பாட்டு, பிரமாதம்னு சொல்லிட்டு வந்தேனே தவிர இத யோசிக்கல. ஜூலி டேமர்ங்கற டைரக்டர் வேணும்னே தான் அப்படி வச்சாங்களாம், மிருகமும் தெரியணும், ஆட்டி வைக்கிற ஆளும் தெரியணும்னு.

இந்த ஷோவுக்கெல்லாம் லேட்டா போனா கதையே கந்தல். ஊர்வலம் முடியிற வரைக்கும் உள்ள விட மாட்டாங்க, பாதை முழுக்க மிருகம் வருதே எப்படி விடுவாங்க, அந்த அஞ்சாறு நிமிஷத்துக்கு தான் நடைபாதை சீட்டுக்கு அவ்ளோ காசு குடுத்திருப்போம். பொதுவாவே எந்த ஷோவுக்கும் அரை மணி முன்னாடி உள்ள போயிடுங்க. தியேட்டர் பக்கத்துல இருக்குன்னு கோவெண்ட் கார்டன் பாதாள ரயில் ஸ்டேஷன்ல எறங்காதீங்க, எஸ்கலேட்டரே கெடையாது, லிஃப்டுக்கு லைன்ல நிக்கணும், இல்லன்னா 193 படி வளஞ்சு வளஞ்சு ஏறணும், அவசரத்துல ஆளுங்க அந்தப் படில ஏறிட்டு பாதில சுவத்தப் புடிச்சிட்டு நிக்கிறத பாத்திருக்கேன். லெஸ்டர் ஸ்கொயர்லேர்ந்து கோவெண்ட் கார்டன் கால் கிலோமீட்டர் தான், லண்டன் டியூப்லயே ரொம்பக் கம்மி தூரத்துல இருக்குற ரெண்டு ஸ்டேஷன் இது தான்னு சொல்லுவாங்க, நடந்துடுங்க.

பெட்டி சட்டி எடுத்துட்டு தியேட்டருக்கு போகாதீங்க. சின்ன பேக் தவிர எதுவும் உள்ள விட மாட்டாங்க, க்ளோக் ரூம் இருந்தாலும் சூட்கேஸ் வாங்க மாட்டாங்க. ஹோட்டல்ல ரூம் ரெடி ஆகலன்னாலும் பெட்டிய வாங்கி வச்சுப்பாங்க, மொதல்ல அங்க போய் போட்டுட்டு வந்துடணும். ரூம் எங்கன்னா, தியேட்டர் பக்கத்துலயே சோஹோல தேடாதீங்க, சத்தம் வேற, வெல வேற. நாங்க வாட்டர்லூ பக்கம் ஆத்துக்கு தென்கரைல பட்ஜெட் ஹோட்டல் போடுவோம். பாலத்துல நடந்தா இருவது நிமிஷத்துல கோவெண்ட் கார்டன், ராத்திரி ஷோ முடிஞ்சு அந்தப் பாலத்துல காத்து வாங்கிட்டு திரும்புறது எனக்கு ஷோவுல பாதி சந்தோஷம். அப்பாவுக்கு மட்டும் டாக்சி.

புதன் ராத்திரி அவங்கள ரூம்ல படுக்க வச்சுட்டு நாங்க ரெண்டு பேரும் மட்டும் போனோம், காலைல ட்ரெயின்ல வரும்போதே ரஷ் டிக்கெட் அடிச்சு வச்சிருந்தேன். சின்ன தியேட்டர், கொஞ்ச பேரு நடிச்ச நாடகம், பாட்டு கிடையாது செட் கிடையாது ஒரு மேஜை நாற்காலி தான். மியூசிக்கல் மட்டும் பாத்துட்டு வர்றவங்ககிட்ட நான் கெஞ்சிக் கேக்குறது இது தான், ஒண்ணாவது சின்ன எடத்துல பாருங்க. டான்மார் வேர்ஹவுஸ்னு ஒண்ணு இருக்கு, மொத்தமே 251 சீட்டு, ஒரு காலத்துல வாழைப்பழம் பழுக்க வைக்கிற கிடங்கா இருந்த எடமாம். காந்தி மார்க்கெட் வாழக்கா மண்டிய பாத்து வளந்த எனக்கு அத கேட்டதுலேர்ந்தே அது மேல தனி பாசம். அந்த மாதிரி எடத்துல நடிகர் தொண்டைய செருமுனா கூட நமக்கு கேக்கும், சினிமாவுல பெரிய பேரு எடுத்தவங்க கூட சம்பளத்த பாக்காம வந்து நடிச்சுட்டுப் போவாங்க.

வியாழன் மத்தியானம் குளோப். ஷேக்ஸ்பியர் காலத்து மேடைய அதே மாதிரி திரும்பக் கட்டுனது, சாம் வானமேக்கர்னு ஒரு அமெரிக்க நடிகர் வாழ்நாள் முழுக்க அலைஞ்சு காசு சேத்தாரு, 1997ல தெறந்தப்ப அத பாக்க அவரு உசுரோட இல்ல. 1666 தீ விபத்துக்கு அப்புறம் லண்டன்ல கூரைல நாணல் வேய மொதல்ல அனுமதி குடுத்தது இதுக்கு தானாம். பழைய குளோப் 1613ல நாடகத்துல பீரங்கி வெடிச்சதுல தான் கூரை புடிச்சு எரிஞ்சுது, அத சொன்னதும் அப்பா ஒரு தடவ மேல பாத்துக்கிட்டாரு. நடுவுல முற்றம், அதுல நின்னுட்டே பாக்கணும், எழுநூறு பேரு நிக்கலாம், டிக்கெட் அஞ்சு பத்து பவுண்டுல ஆரம்பிக்கும், லண்டன்லயே இதுக்கு ஈடான டீல் இல்லன்னு நான் அடிச்சு சொல்லுவேன். ஆனா நிக்கிறதுன்னா நிக்கிறது தான், ஷோ நடக்கும்போது கீழ உக்காந்தா ஆளு வந்து எழுப்பி விடுவாங்க. மேல கூரை கெடையாது, மழ பெஞ்சா நனையணும், கொடைக்கு அனுமதி இல்ல, மழக்கோட்டு மாட்டிக்கலாம். சுத்தி இருக்குற மாடில மரப் பெஞ்சு, அங்க கூரை உண்டு, முதுகு சாய வழியில்லாத பெஞ்சு, அதனால குஷன் வாடகைக்கு தருவாங்க, ரெண்டு மணி நேரத்துக்கு மேல உக்காரணும், அதுல கஞ்சத்தனம் வேணாம்.

அப்பா அம்மாவுக்கு கீழ் அடுக்குல பெஞ்சு, குஷன். நாங்க முற்றத்துல மேடைய ஒட்டி. இண்டர்வெல்லுக்கு முன்னாடியே தூத்தல் ஆரம்பிச்சு நல்லா பிடிச்சிக்கிச்சு. நடிகர்களுக்கு மேல கூரை இருக்கு, அவங்க நனைய மாட்டாங்க, நாங்க தான். அந்தக் கோமாளி வேஷக்காரர் மேடை ஓரத்துல வந்து உக்காந்து, எங்க வீட்டுக்காரர் தலைல சொட்டுற தண்ணிய பாத்துட்டு, வசனத்த அப்படியே நிறுத்திட்டு, கைய நீட்டி மழய ஒரு சொட்டு புடிச்சு பாத்தாரு. முற்றமே சிரிச்சுது. பகல் வெளிச்சம், அவங்களுக்கு நம்ம மூஞ்சி தெரியுது, அது தான் விஷயமே, இருட்டுல உக்காந்து பாக்குற நாடகம் மாதிரி இல்ல. அப்பாவுக்கு பாதி வசனம் புரியல, எனக்கே பாதி தான் புரியும், ஆனா "நம்ம ஊரு கூத்துல கட்டியங்காரன் பண்றதத் தான இவனும் பண்றான்"னு சொல்லிட்டு குஷன் மேல நல்லா சாஞ்சு, சாய எடமில்லன்னு தெரிஞ்சு, திரும்ப நிமிந்து உக்காந்தாரு. குளிர் காலத்துல வர்றவங்களுக்கு அங்கயே உள்ளரங்கம் ஒண்ணு இருக்கு, சாம் வானமேக்கர் பேருல தான், மெழுகுவத்தி வெளிச்சத்துல நடக்கும், அழகு, ஆனா பெஞ்சு இங்கயும் அதே பெஞ்சு தான்.

அங்கேர்ந்து ஆத்தங்கரையோரமா மேக்கால நடந்தா நேஷனல் தியேட்டர். டிக்கெட் இல்லன்னாலும் உள்ள போகலாம், வரவேற்பு ஹால் எல்லாருக்கும் தெறந்து தான் இருக்கு, சோஃபா, காபி, சுத்தமான பாத்ரூம், வைஃபை. லண்டன்ல வயசானவங்கள வச்சிட்டு சுத்துறவங்களுக்கு இப்படி ஒரு எடம் தெரிஞ்சிருக்கணும். கட்டடத்த சிலருக்கு புடிக்காது, சார்லஸ் இளவரசரா இருந்தப்ப அணு மின் நிலையம் மாதிரி இருக்குன்னு சொன்னதா பிரசித்தம், அப்பா கல்பாக்கம் பாத்தவரு, "அவ்ளோ மோசமில்ல"ன்னாரு. இங்க காது சரியா கேக்காதவங்களுக்குன்னு கேப்ஷன் கண்ணாடி குடுக்குறாங்க, போட்டுக்கிட்டா வசனம் கண்ணுக்கு முன்னாடி எழுத்தா ஓடும். இங்கிலீஷ் படிக்க வரும், ஆனா இவங்க உச்சரிப்பு பிடிபடாதுன்னா அவங்களுக்கும் இது பெரிய உதவி, முன்கூட்டியே சொல்லி வைக்கணும். மத்த தியேட்டர்ல மாசத்துல ஒண்ணு ரெண்டு ஷோ கேப்ஷனோட நடக்கும், அந்த தேதிய பாத்து வாங்கலாம்.

சாப்பாடு பத்தி ரெண்டு வார்த்தை. தியேட்டர் ஏரியா ஹோட்டல்கள்ல அஞ்சு மணிலேர்ந்து ஆறரை வரைக்கும் ப்ரீ தியேட்டர் மெனுன்னு கம்மி வெலைக்கு போடுவாங்க, ஏழு மணிக்கு வெளிய அனுப்பிடுவாங்க, உக்காரும்போதே ஷோ டைம் சொல்லிடணும். ஸ்ட்ராண்ட்ல இந்தியா கிளப்னு ஒண்ணு இருந்துச்சு, ரெண்டாவது மாடில பழைய மேஜை நாற்காலி, தோசை, லைசியத்துலேர்ந்து அஞ்சு நிமிஷ நட. 2023 செப்டம்பர்ல மூடிட்டாங்க, அந்த வயித்தெரிச்சல் எனக்கு இன்னும் போகல. இப்ப யூஸ்டன் ரயில்வே ஸ்டேஷன்ல எறங்குனா பக்கத்துலயே டிரம்மண்ட் ஸ்ட்ரீட், சைவ ஹோட்டல் வரிசையா இருக்கு, போறப்ப ஒரு தடவ வர்றப்ப ஒரு தடவ அங்க தான். தியேட்டருக்கு உள்ள இன்டர்வெல்ல விக்கிற ஐஸ்கிரீம் குட்டி கப்பு, மூடிக்குள்ளயே ஸ்பூன் இருக்கும், வெல சொன்னா அம்மா வாங்கவே விட மாட்டாங்க, அதனால கேக்காம வாங்கி கைல குடுத்துட்டேன். லேடீஸ் டாய்லெட் லைன் தான் பெரிய கொடும, பழைய கட்டடத்துல நாலஞ்சு தான் இருக்கும், லைட் போட்டதும் எந்திரிச்சு ஓடணும், கைதட்டிட்டு மெதுவா போலாம்னு நெனச்சீங்கன்னா இருவது நிமிஷமும் லைன்லயே முடிஞ்சிடும். டிரெஸ் கோட் எதுவும் கெடையாது, ஜீன்ஸ் போதும், அம்மா பட்டுப் புடவைல வந்தாங்க, அதுக்கும் தடை இல்ல. ஆனா கோடைல லேசான துணி போடுங்க, பழைய தியேட்டர்ல மாடில புழுக்கம் தாங்காது. பாட்டு தெரிஞ்சாலும் கூட சேந்து பாடாதீங்க, முன்னாடி சீட்டுக்காரர் திரும்பி பாக்குற பார்வையிலயே நாம சாம்பலாயிடுவோம்.

ட்ரெயின கடைசில சொல்றேன், நானும் கடைசில தான் போடுவேன். ஷோ டிக்கெட் கைக்கு வந்தப்புறம் தான் ட்ரெயின், மாத்தி பண்ணா மேட்டினி கெடைக்காம ரெண்டு மணிக்கே லண்டன்ல சும்மா நிக்கணும். அட்வான்ஸ் டிக்கெட் சுமார் மூணு மாசம் முன்னாடிலேர்ந்து விடுவாங்க, சீக்கிரம் எடுத்தா நல்ல வெல. பர்மிங்ஹாம்லேர்ந்து நியூ ஸ்ட்ரீட்ல ஏறி யூஸ்டன் போற வேகமான வண்டி ஒண்ணரை மணிக்குள்ள போயிடும், மூர் ஸ்ட்ரீட்லேர்ந்து மேரில்போன் போறது கொஞ்சம் லேட்டு, வெல கம்மி. அறுவது தாண்டினவங்களுக்கு சீனியர் ரயில்கார்டு, டிக்கெட்ல மூணுல ஒரு பங்கு தள்ளுபடி, இந்தியாலேர்ந்து விசிட்டுக்கு வந்தவங்களும் பாஸ்போர்ட் காட்டி வாங்கலாம், இது நெறய பேருக்கு தெரியாது. லண்டனுக்குள்ள டியூப்லயும் பஸ்லயும் பேங்க் கார்டையே தட்டிக்கலாம், ஒரு நாளைக்கு இவ்ளோ தான்னு உச்சவரம்பு இருக்கு, ஆனா ஒருத்தருக்கு ஒரு கார்டு, ஒரே கார்டுல நாலு பேரு தட்ட முடியாது. அப்பாவுக்கு என்னோட பழைய ஆய்ஸ்டர் கார்ட (லண்டன் டியூப், பஸ்ல தட்டுறதுக்குன்னே இருக்குற கார்டு) குடுத்தேன், அம்மாவுக்கு வீட்டுக்காரரோட ரெண்டாவது கார்டு.

ராத்திரி ஷோ பாத்துட்டு அன்னிக்கே ஊரு திரும்பணும்னு நெனச்சீங்கன்னா ஷோ எத்தன மணிக்கு முடியுதுன்னு தியேட்டர் சைட்ல ரன்னிங் டைம் போட்டிருக்கும், பாருங்க. ரெண்டரை மணி நேர ஷோவும் இருக்கு, மூணு மணி நேரத்த தொடுறதும் இருக்கு, ஏழரைக்கு ஆரம்பிச்சா பத்தரை ஆயிடும், வெளிய வரவே பத்து நிமிஷம். கடைசி ட்ரெயின நம்பி உக்காந்தீங்கன்னா கிளைமாக்ஸ்ல வாட்ச் தான் பாத்துட்டு இருப்பீங்க. நாங்க வியாழன் ராத்திரி கடைசி ஷோவ முடிச்சுட்டு தங்கிட்டு வெள்ளி காலைல பத்து மணிக்கு மேல ஒரு வண்டி புடிச்சோம், ஆபீஸ் கூட்டம் இல்ல, நாலு பேருக்கும் மேஜை வச்ச சீட்டு. அப்பா தியேட்டர்ல வாங்குன புரோகிராம் புக்க விரிச்சு வச்சு ஒவ்வொரு நடிகரும் இதுக்கு முன்னாடி என்னென்ன பண்ணிருக்காங்கன்னு படிச்சு அம்மாவுக்கு மொழிபெயத்துட்டே வந்தாரு, அம்மா டிரம்மண்ட் ஸ்ட்ரீட்ல வாங்குன மிக்சர பிரிச்சுட்டாங்க.